1841ஆம் ஆண்டுச் சட்டமும் ஹட்டன் பஸ்ஸில் ஏறும் பெண்ணும்

வயது வந்த ஒரு பெண் பணம் வாங்கிக்கொண்டு ஓர் ஆணோடு படுப்பது இலங்கைச் சட்டப்படி குற்றமல்ல. இதைச் சொன்னால் ஹட்டன் நகரில் பலர் நம்பமாட்டார்கள். பொலிஸாரிலும் சிலர் நம்பமாட்டார்கள். குற்றமாக்கப்பட்டிருப்பது அதைச் சுற்றியுள்ள எல்லாம்தான். தெருவில் நின்று அழைப்பது குற்றம். விடுதி நடத்துவது குற்றம், அதற்கு இடம் கொடுப்பதும் குற்றம். தொழிலைத் தொடாமல் தொழில் செய்பவளைச் சுற்றி வேலி கட்டியிருக்கிறது சட்டம். அந்த வேலிக்குள் எப்போது யாரைப் பிடிப்பது என்பது அன்றைய இரவு ரோந்தில் இருப்பவரின் மனதைப் பொறுத்தது.

அந்தச் சட்டத்தின் பெயர் அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டம். 1841ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கம். அதன் 7ஆம் பிரிவின்படி பொது இடத்தில் அழைப்பு விடுத்தால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 100 ரூபா வரை அபராதம், அல்லது இரண்டும். இதற்குத் துணையாக 1889இல் விபசார விடுதிகள் கட்டளைச் சட்டம் வந்தது. அடுத்து 1907இல் தடுப்பு இல்லங்கள் கட்டளைச் சட்டம். மூன்றும் வெள்ளைக்காரன் எழுதியவை, மூன்றும் இன்றும் உயிரோடு இருக்கின்றன.

100 ரூபா அபராதம் என்றதும் சிரிப்பு வரும். இன்றைக்கு அது ஒரு பிளேன்டீக்கும் ஒரு வடைக்கும் காணும். ஆனால் அந்த நூறு ரூபா வரை போய்ச் சேரும் வழியைப் பார்க்க வேண்டும். இரவில் பிடிபட்டவள் மறுநாள் காலை நீதவான் முன் நிறுத்தப்படுகிறாள். வாக்குமூலம் பொலிஸ் நிலையத்தில் சிங்களத்தில் எழுதப்பட்டிருக்கும். அதன் அடியில் அவள் கையெழுத்து இருக்கும். என்ன எழுதியிருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. குற்றப்பத்திரிகையை ஒருவர் வேகமாக வாசிக்கிறார். மொழிபெயர்ப்பாளர் இருந்தால் ஒரு வரியில் சுருக்கிச் சொல்கிறார். பிறகு கேள்வி: குற்றவாளியா, சுற்றவாளியா? வெளியே நிற்கும் தரகரோ, அரைமணி நேரத்துக்கு முன் வந்து சேர்ந்த சட்டத்தரணியோ ஏற்கெனவே காதில் போட்டிருப்பார்கள், "குற்றவாளி என்று சொல்லு புள்ள, இன்றைக்கே போயிடலாம்." சுற்றவாளி என்றால் தவணை விழும், பிணைக்கு ஆள் வேண்டும், வேலை போகும், ஊருக்குத் தெரியும். குற்றவாளி என்று சொல்கிறாள். சட்டத்தரணிக்கும் தரகருக்கும் கொடுப்பது அபராதத்தைப் போல் பல மடங்கு. அதை அடைக்க அன்றிரவே திரும்பவும் தெருவுக்கு வர வேண்டியிருக்கிறது. பெண்ணைத் தெருவிலிருந்து அகற்றுவதற்கென்று எழுதிய சட்டம் அவளைத் தெருவிலேயே நிறுத்தி வைக்கிறது. அடுத்த தடவை பிடிபடும்போது பழைய குற்றவாளி என்ற பதிவு அவளுக்காகக் காத்திருக்கும்.

விடுதிச் சுற்றிவளைப்பில் பிடிபட்டால் இன்னொரு கட்டமும் உண்டு. பால்வினை நோய் இருக்கிறதா என்று மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்புகிறார்கள். முடிவு வரும்வரை விளக்கமறியலில் இருக்க வேண்டி வரலாம். அவளோடு அறையில் இருந்த ஆணை யாரும் பரிசோதனைக்கு அனுப்புவதில்லை. நோய் பெண்ணிடமிருந்து மட்டும் தொற்றும் என்று நம்புகிற மருத்துவ அறிவு 19ஆம் நூற்றாண்டுடையது. 1864இல் பிரித்தானியா தொற்றுநோய்கள் சட்டம் கொண்டுவந்து, படைமுகாம் நகரங்களில் சந்தேகத்துக்குரிய பெண்களைப் பிடித்துக் கட்டாயப் பரிசோதனை செய்தது. ஜோசபின் பட்லர் என்ற பெண்மணி ஊர் ஊராகப் போய்ப் பேசி, 1886இல் அந்தச் சட்டத்தை நீக்கவைத்தார். எழுதிய நாடு கைவிட்டு நூற்றைம்பது ஆண்டுகளை நெருங்குகிறது. அதன் வாடை நம் நீதிமன்ற வராந்தாக்களில் இன்னும் அடிக்கிறது.

மலையகத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்களுக்காகக் கொஞ்சம் வரலாறு. 1841 என்பது கோப்பித் தோட்டங்கள் மளமளவென்று பெருகிய காலம். தென்னிந்தியாவிலிருந்து ஆட்கள் நடந்து வந்துகொண்டிருந்தார்கள். அலைந்து திரிபவரைக் குற்றவாளியாக்கும் சட்டமும், தோட்டத்தைவிட்டுச் சொல்லாமல் போகிறவரைச் சிறைக்கு அனுப்பிய 1865ஆம் ஆண்டுத் தொழிலாளர் கட்டளைச் சட்டமும் ஒரே சிந்தனையின் இரண்டு கிளைகள். ஏழைக்குரிய இடத்தைத் துரை தீர்மானிப்பார், அந்த இடத்தைவிட்டு அசைந்தால் குற்றம். கடனை எழுதிய ஒரு தாள் இல்லாமல் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போகவும் முடியாதிருந்தது. துண்டு முறை என்று நம் பாட்டன்மார் அதை அறிந்திருந்தார்கள். 1921இல் துண்டு ஒழிந்தது. அலைந்து திரிவோர் சட்டம் ஒழியவில்லை. தோட்டத்து ஆணுக்கு இன்று அது பெரிதாகத் தொல்லை தருவதில்லை. தோட்டத்தைவிட்டு வெளியே போன பெண்ணுக்குத் தருகிறது.

அவள் ஏன் போகிறாள்? இதற்கு நீண்ட விளக்கம் வேண்டாம். 2019 புள்ளிவிபரத் திணைக்களக் கணக்கில் நாட்டின் வறுமை 14.3 சதவீதம். தோட்டத்துறையில் மட்டும் 33.8. அடுத்து வந்தது 2022இன் பொருளாதாரச் சரிவு. அந்த செப்டம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தை ஒட்டிப் போனது. அடிப்படை நாட்கூலி 1000 ரூபாவிலிருந்து 1350 ஆவதற்கு 2024 செப்டம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கூலி காகிதத்தில் இருப்பது ஒன்று, கையில் வருவது இன்னொன்று. நிறை கொழுந்து எடுக்காவிட்டால் அரைப் பேர்தான், அதாவது அரை நாள் கூலி. மழைக்காலத்தில் எத்தனை அரைப் பேர் விழும் என்பது மலையில் நின்றவர்களுக்குத் தெரியும். 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல் மண்சரிவுகளில் வீடிழந்த குடும்பங்களுக்கு அந்த அரைக் கூலியும் இல்லாமல் போனது.

இப்படியான நேரத்தில்தான் தோட்டத்து லயத்துக்கு ஆள் வருகிறார். பெரும்பாலும் தெரிந்தவர், சொந்தக்காரராகவும் இருக்கலாம். கொழும்பில் வீட்டு வேலை, கட்டுநாயக்காவில் கார்மென்ட், பம்பலப்பிட்டியில் ஸ்பா, மஸ்கட்டில் ஏஜென்சி என்று வேலையின் பெயர் மாறும். மாறாதது முற்பணம். நம்மவர்களைக் கடல் கடத்திக் கொண்டுவந்ததும் கங்காணியின் முற்பணந்தான். அம்மாவின் கையில் கொஞ்சம் காசு வைத்துவிட்டால் அந்தப் பெண் நடுவில் திரும்பி வருவது கடினம். காசைத் திருப்பிக் கேட்பார்களே!

எல்லோரும் பாலியல் தொழிலுக்குப் போகிறார்கள் என்று நான் சொல்லவில்லை. மலையகப் பெண்கள் மீது சேற்றை வாரியிறைக்க வேண்டுமென்றால் அதற்கு ஏற்கெனவே ஆட்கள் இருக்கிறார்கள். வீட்டு வேலைக்குப் போனவர்களில் மிகப் பெரும்பாலோர் வீட்டு வேலைதான் செய்கிறார்கள். ஆனால் சம்பளம் கொடுக்காத வீட்டைவிட்டு ஓடி வந்தவளும், கார்மென்டில் ஆட்குறைப்பில் நின்றவளும், மாதக் கடைசியில் வாடகைக்கு வழியில்லாமல் இந்தத் தொழிலுக்கு வந்து சேர்வது நடக்கிறது. 2022 நெருக்கடியின்போது 'ஸ்டாண்ட் அப் மூவ்மென்ட் லங்கா' அமைப்பின் அசிலா தண்டெனிய, இத்தொழிலுக்குப் புதிதாக வரும் பெண்கள் ஏறத்தாழ 30 சதவீதம் கூடியிருப்பதாகச் சொன்னார். அவர்களில் பலர் ஆடைத் தொழிற்சாலைகளிலிருந்து வந்தவர்கள் என்றும் சொன்னார். ஏப்ரலில் நுவரெலியாவில் வசந்தகாலம் களைகட்டும்போது லொட்ஜ்கள் நிரம்பி வழிவதையும் யாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

இங்கே இரண்டு வேறு விடயங்களைப் போட்டுக் குழப்பிக்கொள்ளக்கூடாது. ஒன்று, வயது வந்த பெண் தன் நிலைமையைத் தானே கணக்குப் பார்த்துச் செய்யும் தொழில். மற்றது ஆட்கடத்தலும் சிறுவர் துஷ்பிரயோகமும். 2021 ஜூலை 15ஆம் திகதி, மலையகத்தின் டயகமவைச் சேர்ந்த 16 வயதுச் சிறுமி எரிகாயங்களோடு கொழும்பு தேசிய வைத்தியசாலையில் இறந்தாள். முன்னாள் அமைச்சர் ஒருவரின் வீட்டில் வேலைக்கு நின்றவள். அவளைத் தரகர் ஒருவரே அங்கே கொண்டுபோய்ச் சேர்த்திருந்தார். பாலியல் துஷ்பிரயோகம் பற்றியும் விசாரணை நடந்தது. 2022 நவம்பரில், சுற்றுலா விசாவில் ஓமானுக்கு அனுப்பப்பட்ட இலங்கைப் பெண்கள் விற்கப்பட்ட விவகாரம் வெளியே வந்து, மஸ்கட்டில் இலங்கைத் தூதரகத்தில் பணியாற்றிய அதிகாரி ஒருவரே கட்டுநாயக்காவில் கைதானார். இவை தண்டனைச் சட்டக் கோவையின் 360ஏ, 360சி பிரிவுகளுக்குரிய குற்றங்கள். குற்றவாளி கடத்தியவர், கடத்தப்பட்டவள் அல்ல. ஆனால் தெருவில் நிற்கும் பெண்ணைக் கண்ட பொலிஸார் கையில் எடுப்பது எது? கடத்தல் வழக்குக்கு மாதக்கணக்கில் விசாரிக்க வேண்டும், சாட்சி தேட வேண்டும். 1841இன் சட்டத்துக்கு ஒரு பெண்ணும் ஓர் இரவும் போதும். அதனால் கடத்தப்பட்டவள் குற்றவாளியாகி 100 ரூபா கட்டிவிட்டுப் போகிறாள், கடத்தியவர் அடுத்த லயத்துக்குப் போகிறார்.

எச்சரிக்கை என்று தலைக்கு மேல் எழுத வேண்டிய இடம் இதுதான். பொலிஸுக்குப் பயந்த பெண் யாருக்கும் இலகுவான இரை. வாடிக்கையாளன் அடித்தாலும், பலாத்காரம் செய்தாலும், காசைப் பறித்தாலும் அவள் முறைப்பாடு செய்யப் போகமாட்டாள். போனால் முதல் கேள்வி, "அந்த நேரத்தில் நீ அங்கே என்ன செய்தாய்?" சில இடங்களில் விடுவிப்பதற்கு உடலையே இலஞ்சமாகக் கேட்கிறார்கள் என்று பாலியல் தொழிலாளர் அமைப்புகள் நெடுங்காலமாகச் சொல்லி வருகின்றன. 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் பாலியல் இலஞ்சத்தைத் தனிக் குற்றமாக்கியிருக்கிறது. நல்ல சட்டம். அலைந்து திரிபவள் என்று பெயர் வாங்கியவள் அதைப் பயன்படுத்தி ஓர் அதிகாரிக்கு எதிராக எழுந்து நிற்பாளா என்பது வேறு விடயம்.

நோய்க்கும் இதே பயம்தான் துணை. இலங்கையில் எச்.ஐ.வி. பரவல் குறைவு, வயது வந்தோரில் 0.1 சதவீதத்துக்கும் கீழே. தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிஸும் தொற்றுவதை ஒழித்த நாடு என்று 2019 டிசம்பரில் உலக சுகாதார அமைப்பு சான்று கொடுத்தது. பெருமைப்படலாம். ஆனால் 2021இல் 411ஆக இருந்த புதிய தொற்றாளர் பதிவு 2022இல் 607 ஆனது. புதிதாகக் கண்டறியப்படுவோரில் மிகப் பெரும்பாலானோர் ஆண்கள். அதாவது, பிடித்துக்கொண்டுபோய்ப் பரிசோதிக்கப்படுவது ஒரு கூட்டம், நோய் கூடுவது பெரும்பாலும் இன்னொரு கூட்டத்தில். பாலியல் தொழிலாளர்தான் நோயைப் பரப்புகிறார்கள் என்று மேடையில் முழங்குகிறவர்கள் இந்தக் கணக்கை ஒரு தடவை பார்க்கலாம்.

ஆணுறை வைத்திருப்பது எந்தச் சட்டத்திலும் குற்றமில்லை. தேசிய பாலியல் நோய், எயிட்ஸ் கட்டுப்பாட்டு வேலைத்திட்டம் அதை இலவசமாகவே கொடுக்கிறது. அதே ஆணுறையைக் கைப்பையில் கண்டால் பொலிஸார் சான்றாக எடுத்துக்கொள்கிறார்கள் என்ற முறைப்பாடு ஓய்ந்தபாடில்லை. ஓர் அரசாங்கத்தின் ஒரு கை கொடுப்பதை மறு கை பறிக்கிறது. புத்தியுள்ள பெண் என்ன செய்வாள்? ஆணுறை இல்லாமல் போவாள்.

தோட்டத்துப் பெண்ணுக்கு இன்னொரு சிக்கல் உண்டு, கொழும்புக்காரருக்குப் புரியாதது. லயத்துக் காம்பராவுக்குத் தனி முகவரி கிடையாது. தோட்டத்தின் பெயருக்கும் டிவிசனின் பெயருக்கும் வரும் கடிதம் முதலில் ஆபிசுக்குப் போகிறது. நீதிமன்ற அழைப்பாணை வந்தால் கணக்கப்பிள்ளைக்குத் தெரியும், காலைப் பெரட்டில் வேலைக்கு நிற்பவர்களுக்குத் தெரியும், மாலைக்குள் பிள்ளைக் காம்பரா வரை தெரியும். தோட்டத்து டிஸ்பென்சரியில் ஒரு மருந்தின் பெயரைச் சொன்னாலும் அதே கதை. ஆகவே அவள் அங்கே போகமாட்டாள், நகரத்து கிளினிக்குக்கும் பயந்து பயந்து நாளைக் கடத்துவாள். சிபிலிஸ் ஊசியில் தீரும் நோய், எச்.ஐ.வி.க்கு மாத்திரை இலவசம். நாளைக் கடத்துவதுதான் ஆளைக் கொல்லும்.

பயமுறுத்தி நோயைக் கட்டுப்படுத்தலாம் என்ற எண்ணத்தைச் சென்னை ஏற்கெனவே சோதித்துப் பார்த்துவிட்டது. 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுனிதி சாலமனும் அவரது மாணவி நிர்மலாவும் பாலியல் தொழிலாளரின் இரத்த மாதிரிகளைச் சோதித்தபோதுதான் இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. மாதிரிகள் பெரும்பாலும் அரசுக் காப்பகத்தில் பிடித்து வைக்கப்பட்டிருந்த பெண்களுடையவை. பரிசோதனைக்கு ஒத்துழைத்தவர்களுக்குக் கிடைத்த கைம்மாறு என்ன தெரியுமா? தொற்று உள்ளவர்களைத் தண்டனைக் காலம் முடிந்தும் வெளியே விடவில்லை. பத்திரிகையாளர் சியாமளா நடராஜ் வழக்குப் போட்டு, 1990இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்ன பிறகே வெளியே வந்தார்கள். அவர்களைப் பூட்டி வைத்திருந்த அந்த ஆண்டுகளில் எச்.ஐ.வி. பூட்டுக்கு உள்ளே இருக்கவில்லை, தமிழ்நாடெங்கும் பரவியது. 2014இல் லான்செட் மருத்துவ இதழ் வெளியிட்ட ஆய்வின்படி, பாலியல் தொழிலைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுத்தால் பத்தாண்டுகளில் பாலியல் தொழிலாளருக்கும் வாடிக்கையாளருக்கும் இடையிலான புதிய எச்.ஐ.வி. தொற்றுகளில் 33 முதல் 46 சதவீதத்தைத் தடுக்கலாம்.

ஐரோப்பாவைப் பார்த்து ஒழுகுவோமா என்று சிலர் கேட்பார்கள். ஐரோப்பாவே ஒரு வழியில் இல்லை. 1975 ஜூன் 2ஆம் திகதி, பிரான்ஸின் லியோன் நகரில் பொலிஸ் தொல்லை தாங்காத பாலியல் தொழிலாளர் புனித நிசியே தேவாலயத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டார்கள். உரிமை இயக்கம் அங்கிருந்து வளர்ந்தது. சுவீடன் 1999இல் வாங்குபவனைக் குற்றவாளியாக்கியது, பிரான்ஸ் 2016இல் அதைப் பின்பற்றியது. அதனால் தங்கள் பாதுகாப்புக் குறைந்தது என்று தொழிலாளர் போட்ட வழக்கில், ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் 2024 ஜூலையில் பிரான்ஸின் பக்கமே நின்றது. ஜெர்மனி 2017இல் எல்லோரும் பதிவு செய்ய வேண்டும் என்றது. பெருந்தொகையானோர் பதிவுப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. பெல்ஜியம் 2022இல் குற்றப்பட்டியலிலிருந்து எடுத்தது. 2024 டிசம்பர் 1 முதல் வேலை ஒப்பந்தம், பிரசவ விடுப்பு, ஓய்வூதியம், வாடிக்கையாளனை மறுக்கும் உரிமை எல்லாம் கொடுத்திருக்கிறது. ஆனால் மேற்கு ஐரோப்பியத் தெருக்களில் இத்தொழில் செய்பவர்களில் பெரும்பகுதியினர் வேறு நாட்டிலிருந்து வந்தவர்கள். கையில் தாள் இல்லாதவளுக்கு பெல்ஜியத்தின் நல்ல சட்டமும் எட்டாது. நமக்கு அங்கிருந்து எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு என்றால் அது இதுதான். முகவரி இல்லாத, மொழி தெரியாத, அடையாளத்தைக் காட்டப் பயப்படுகிற பெண்ணை மனதில் வைத்துச் சட்டம் எழுத வேண்டும். மலையகத்துக்கு அவள் அந்நியமானவள் அல்ல.

நாங்கள் பெல்ஜியமாக வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. அலைந்து திரிவோர் சட்டத்தை எடுத்துவிடுங்கள் என்பது மட்டுமே கோரிக்கை. பெண்களுக்கு எதிரான பாரபட்சங்களை ஒழிக்கும் ஐ.நா. குழு 2017இல் இலங்கைக்கு இதைத்தான் சொன்னது. பாராளுமன்றத்தில் சாதாரணப் பெரும்பான்மை போதும்; சர்வஜன வாக்கெடுப்புத் தேவையில்லை. கடத்தலையும் சிறுவர் துஷ்பிரயோகத்தையும் தண்டிக்கத் தண்டனைச் சட்டக் கோவை அப்படியே இருக்கும். பிறகு ஏன் நடக்கவில்லை? மேடையில் இதற்கு வாக்கு விழாது. மலையகத்து உறுப்பினர்களும் தொழிற்சங்கங்களும் கூலிக்காகக் குரல் கொடுக்கிறார்கள், வீட்டுக்காகக் கொடுக்கிறார்கள், ஹட்டன் மல்லியப்பூ சந்தியில் மறியல் இருக்கிறார்கள். அந்தச் சந்தியில் பஸ் ஏறிப்போன பெண் நீதிமன்றக் கூண்டில் நிற்கும்போது அவள் எந்தச் சங்கத்தின் அங்கத்தவரும் அல்ல. சந்தா கட்டாதவளைப் பற்றிப் பேசுவது வெட்கமாக இருக்கிறது போலும்.

சட்டம் மாறும்வரை, இதை வாசிப்பவர்கள் லயத்தில் நாலு பேருக்குச் சொல்லக்கூடியவை சில உண்டு. கைது செய்பவர் காரணத்தைச் சொல்ல வேண்டும். அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரை அது. விளங்காத மொழியில் எழுதிய வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட வேண்டாம், தமிழில் கேட்கலாம். சட்டத்தரணிக்குக் காசில்லாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. 18 வயதுக்குக் குறைந்த பிள்ளையை வேலைக்குக் கேட்டு யார் வந்தாலும் 1929. பெண்களுக்கான உதவி 1938, வெளிநாட்டு வேலை ஏஜென்சி உண்மையா என்று விசாரிக்க 1989, உடலை இலஞ்சமாகக் கேட்டால் 1954. பலாத்காரத்துக்கு ஆளானவர் 72 மணித்தியாலத்துக்குள் அரச வைத்தியசாலைக்குப் போனால் எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்கும் மருந்து கொடுப்பார்கள். நுவரெலியா அரச வைத்தியசாலையின் பாலியல் நோய் கிளினிக்கில் பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம்.